தாய்மாமன் காட்டிய பினாங்கு

பினாங்கில் பார்க்க வேண்டியது எதையும் நான் பார்க்காமல் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. மணிக்கூண்டு, கோட்டை, பீரங்கி, கடற்கரைத் திடல், மலை ரயில் புறப்படும் இடம், வடக்கே வெள்ளைக்காரர்கள் குளித்த மணல், எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டேன். காட்டியவன் என் தம்பி பிச்சை. நான் அவனிடம் கேட்டது இதில் ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் மகனை மடியில் வைத்துக்கொள் என்றுதான் கேட்டேன். அதை மட்டும் அவன் செய்யவில்லை.

என் மகன் அய்யாவுக்கு அப்போது மூன்றாம் வயது முடியப்போகிறது. காது குத்தவில்லை. மூன்றை விட்டால் ஐந்துதான், நான்கில் குத்தக்கூடாது. ஐந்து வயது வரைக்கும் யார் இருப்போம், ஜப்பான்காரன் யாரை ரயில்பாதை வேலைக்கு லாரியில் ஏற்றுவான் என்று தெரியாத காலம் அது. கெடாவில் எங்கள் மெர்போக் பக்கத்துத் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோய், ரப்பர் மரங்களுக்கு நடுவில் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தோம். காது குத்தாமலேயே பிள்ளை வளர்ந்துவிட்டால் என்ன என்று என் வீட்டுக்காரர் வடிவேலு கேட்பார். அவருக்கென்ன, கேட்பார். அவருடைய அக்கா காளியம்மாவின் வாயில் தினமும் விழுவது நான்தானே.

"உன் புள்ளைக்கு மாமன்னு ஒருத்தன் இருக்கானா, இல்ல சும்மா பேச்சுக்குச் சொல்றியா?" என்பாள், தண்ணீர்க் குழாயடியில், நாலு பேர் காதில் விழும்படியாக. "மூளிக்காதோட திரியுது பாரு."

காது குத்துவதென்றால் தாய்மாமன் மடி வேண்டும். தோடு அவன் கொண்டு வர வேண்டும். மாமன் மடி இல்லாமல் குத்தினால் பிறந்த வீடே இல்லாதவள் என்று அர்த்தம். எனக்குப் பிறந்த வீடு இருந்தது. அது பினாங்கில் இருந்தது, அதுதான் வினை.

அம்மா போனபிறகு அப்பா தோட்டத்தை விட்டுப் பிச்சையோடு பினாங்குக்குப் போய்விட்டார். துறைமுகத்தில் ஒரு கிட்டங்கிக்குக் காவல். என் மகனுக்கு வைத்த பெயரும் அவருடைய பெயர்தான், அய்யாவு. அவர் காதில் சிவப்புக்கல் கடுக்கன் போட்டிருப்பார். ஒரு கல்லின் ஓரம் லேசாக உடைந்திருக்கும். சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து அந்த உடைந்த ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருப்பேன். "ராக்காயி, உன்னை ஒரு நாளைக்குப் பினாங்குக்குக் கூட்டிப்போயி ஊரெல்லாம் சுத்திக் காட்டுறேன்" என்பார். கல்யாணமாகி, பிள்ளை பெற்றும் அவர் கூட்டிப்போகவில்லை. கேட்டால், "பினாங்கு எங்கயும் ஓடிடாதும்மா" என்பார்.

ஓடித்தான் போனது. ஜப்பான்காரன் கெடாவைத் தூக்கிச் சயாம்காரன் கையில் கொடுத்துவிட்டுப் பினாங்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். நேற்றுவரை எல்லாரும் ரயிலேறிப் போய்வந்த ஊர், மூடா ஆற்றைத் தாண்டினால் வேறு நாடு. போக வர பாஸ் வேண்டும். பிச்சை துறைமுகக் கூலி, அவனைத் தீவை விட்டு வெளியே விடமாட்டார்கள். ஆக, மாமன் வரமுடியாது, மடியிருக்கும் இடத்துக்குப் பிள்ளைதான் போக வேண்டும். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஒரு பாஸ் வாங்கினேன். ஒரு பெரிய ஆள், ஒரு பிள்ளை. காலையில் போய் அன்றைக்கே கடைசி ரயிலில் ஆற்றுக்கு இந்தப்பக்கம் வந்துவிட வேண்டும். இனிமேல் கேட்காதே என்று கிராணி சொல்லிவிட்டார். பினாங்குக்கு மீன் ஏற்றப் போகிற ஒருவரிடம் பிச்சைக்குச் சொல்லியனுப்பினேன், இந்த நாளில் வருகிறேன், காது குத்த நகைப் பத்தரை ஏற்பாடு செய்துவை, தோட்டை எடுத்துவை என்று.

காது குத்தினால் வந்தவர்களுக்குக் காப்பரிசி கொடுக்க வேண்டும். நெல் விளையும் கெடாவில் இருந்துகொண்டு நாங்கள் மரவள்ளியைத் தின்றோம். பிடிபிடியாக எப்படியோ சேர்த்து ஒரு கைக்குட்டை அளவு பச்சரிசி வைத்திருந்தேன். அரிசியை ஆறு தாண்டிக் கொண்டுபோவது குற்றம். அதைச் சின்ன மூட்டையாகக் கட்டிப் பாவாடை நாடாவுக்குள் செருகி, மேலே என் கூரைப்புடவையைக் கட்டினேன். ஆற்றுக்கு முன்னால் ரயிலை நிறுத்திச் சோதனை போட்டபோது, பிள்ளையை இடுப்பில் தூக்கி அரிசியை மறைத்துக்கொண்டேன். அந்த அரிசி அன்றைக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரிந்திருந்தால் அப்போதே இறங்கித் திரும்பியிருப்பேன்.

பெர்ரிப் படகில் தீவுக்கு வந்து இறங்கினால், ஜெட்டித் துறையில் பிச்சை நிற்கிறான். அடையாளமே தெரியவில்லை. தலை மழமழவென்று வழித்திருக்கிறது. மீசையும் இல்லை. தடவித் தடவி வளர்த்த மீசை அது.

"என்னடா இது கோலம்?" என்றேன்.

"ஹார்பர்ல வேலை செய்யற எல்லாருக்கும் வழிச்சுட்டான் அக்கா. ஜப்பான்காரன் ஆர்டர் லா" என்றான். எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? ஜெட்டியில் மூட்டை தூக்கினவர்களில் பாதிப்பேர் தலை அப்படித்தான் இருந்தது. ஜப்பான்காரனுக்கு மொட்டைத்தலை என்றால் பிரியம் என்பது எங்கள் தோட்டத்துக்கே தெரிந்த விஷயம்.

"அப்பா எங்கடா?"

"தீவோட அந்தப்பக்கம் பாலிக் பூலாவ்ல காய்கறித் தோட்டம் போட ஜப்பான்காரன் ஆள் கூட்டிட்டுப் போயிருக்கான், அப்பாவும் போயிருக்காரு. வர நாளாகும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேரனுக்குக் காதுகுத்து, அவரு கத்தரிக்கா நடப் போயிட்டாரா? நான் வர்றேன்னு சொல்லியனுப்புனது தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். ரொம்பச் சந்தோசப்பட்டாரு" என்றான்.

மாமன் என்று நான் காட்டியதும் அய்யாவு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினான். பிச்சை ஓரடி பின்னால் போனான். "கை அழுக்கா இருக்கு தம்பி, அப்புறம்" என்றான். மூன்று வருடம் பார்க்காத பிள்ளை. கை அழுக்கு! துடைத்துக்கொண்டு தூக்கக்கூடாதா? பிள்ளையை நானே தூக்கிக்கொண்டேன். அன்று முழுக்க நானேதான் தூக்கினேன். அதைச் சொன்னால் இப்போதும் என் இடுப்பு வலிக்கிறது.

"சரி, நட, பத்தர் கடைக்குப் போவோம்."

"பத்தர் இப்ப இருக்கமாட்டாரு, மத்தியானந்தான் வருவாரு. அதுவரைக்கும் உனக்கு ஊரைக் காட்டுறேன் வா."

ஜப்பான் சண்டைக்கு முன்னால் இதுதான் இவனுக்குத் தொழில். கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களையும் பணக்காரச் செட்டிமார்களையும் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டுவான். கப்பல் நின்றதும் தொழிலும் நின்றது, மூட்டை தூக்கப் போய்விட்டான். ஆனால் பேச்சு மட்டும் நிற்கவில்லை. கையை நீட்டி, குரலை ஏற்றி, "இதோ பாருங்க, பினாங்கு மணிக்கூண்டு!" என்று என்னிடமே ஆரம்பித்துவிட்டான். நான் என்ன கப்பலில் வந்த துரைசானியா?

மணிக்கூண்டைப் பார்த்தேன். குண்டு விழுந்த அதிர்ச்சியில் கொஞ்சம் சாய்ந்து நின்றது. அதில் ஓடியது ஜப்பான் நேரம். வெயில் காலை என்கிறது, மணி வேறு என்னவோ என்கிறது.

"சாஞ்சு நிக்குது பாத்தியா அக்கா, விழல."

"பார்த்தாச்சு. பத்தர் கடை எந்தப் பக்கம்?"

"அடுத்தது கோட்டை."

கோட்டைக்குள் எங்களை யார் விடுவார்கள்? வெளிச்சுவரைப் பார்த்தோம். கடற்கரைத் திடலுக்கு நடந்தோம். அங்கே ஒரு பழைய பீரங்கி இருந்தது. பிள்ளை இல்லாதவர்கள் அதன் வாயில் பூ வைத்து வேண்டிக்கொள்வார்களாம். "எனக்குப் பிள்ளை இருக்கு, காதுலதான் ஓட்டை இல்ல" என்றேன். அவன் சிரித்தான். சிரித்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்தக் கோபத்தில்தான் காவலுக்கு நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு முன்னால் குனிந்து கும்பிட மறந்துபோனேன். சிப்பாய் கத்தினான். பிச்சை எனக்கு முன்னால் வந்து நின்று இடுப்பை வளைத்தான். வளைத்த முதுகு நிமிர்வதற்குள் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அய்யாவு வீரிட்டு அழுதான். நான் தரையைப் பார்த்துக் குனிந்துகொண்டே நின்றேன். போகலாம் என்று சிப்பாய் கையைக் காட்டினதும் பத்தடி நடந்தோம். பிச்சை கன்னத்தைத் தடவிக்கொண்டான். வாயோரம் ரத்தம். அதைத் துடைத்துவிட்டு, கையை நீட்டி, "அதோ தெரியுது பாரு அக்கா, அதுக்குப் பேரு டவுன் ஹால், அங்கதான் துரைமாரு டான்ஸ் ஆடுவாங்க" என்றான்.

அறைபட்டவன் பேசுகிற பேச்சா இது? இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தேன். பயம் கொஞ்ச நேரம்தான், அப்புறம் மறுபடியும் கோபம்தான்.

"ஊரும் வேணாம், ஒண்ணும் வேணாம். கோயிலுக்காவது கூட்டிப்போ. சாமி கும்பிட்டுக் காதைக் குத்துவோம்."

குயின் தெரு மாரியம்மன் கோவிலுக்குப் போனோம். வாசலில் வந்ததும் அவன் நின்றுவிட்டான்.

"நீ போயிட்டு வா அக்கா. நான் செருப்பைப் பாத்துக்கிறேன்."

"யாரு செருப்பைடா?" என்றேன். எங்கள் மூன்று பேர் காலிலும் செருப்பே இல்லை.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். காது குத்துகிற நாளில் மாமன் கோவிலுக்குள் வராமல் வாசலில் நிற்கிறான் என்றால் என்ன, ஏது என்று எவளாவது யோசித்திருப்பாள். எனக்கு மூக்குக்கு மேல் இருந்தது கோபம். ஜப்பான்காரனோடு சேர்ந்து சாமியையும் விட்டுவிட்டான், வெட்கங்கெட்டவன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். அம்மனிடம் அவனைப் பற்றிக் கோள் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்ப வந்தால் பஸ் நிற்கிறது, ஏறு என்கிறான். கரிப்புகை கக்கிக்கொண்டு மூச்சிரைத்துப் போகிற பஸ். ஆயர் ஈத்தாமில் கொண்டுபோய் இறக்கினான். மலை ரயில் ஜப்பான் அதிகாரிகளுக்கு மட்டும் என்று வாசலிலேயே விரட்டிவிட்டார்கள். ஒரு கம்பி மலைமேல் ஏறிப்போவதைக் கீழே நின்று பார்த்தோம். "மேல போனா குளுருமாம் அக்கா, கம்பளி வேணுமாம்" என்றான். எனக்கு வெயிலில் உச்சி வெடித்தது. இதையும் பார்த்ததாகக் கணக்கு. பையன் பசி என்று சிணுங்கினான். கட்டிக்கொண்டு போன மரவள்ளிக்கிழங்கைப் பிட்டு அவனுக்குக் கொடுத்தேன். பிச்சைக்கு ஒரு துண்டு நீட்டினேன். வாங்கிக்கொண்டான், தின்னவில்லை.

"இனிமே நேரா பத்தர் கடைதான்" என்றேன்.

"இன்னும் ஒரே ஒரு எடம். அதை மட்டும் பாத்துட்டா போதும். அதைப் பாக்காம நீ போகக்கூடாது அக்கா."

கெஞ்சுகிற குரலில் சொன்னான். சரி தொலையட்டும் என்று இன்னொரு பஸ் ஏறினேன். வடக்கே தஞ்சோங் தோக்கோங் பக்கம் இறக்கினான். தென்னை மரம், மணல், கடல். வேறொன்றும் இல்லை. முன்பு கப்பல் துரைமார்களைக் குளிக்கக் கூட்டிவருகிற இடமாம். அன்றைக்கு ஓர் ஈ, காக்கை கிடையாது.

ஊரெல்லாம் வளவளவென்று பேசினவன், இங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு முழங்கால் ஆழத்துக்கு இறங்கினான்.

"நீயும் எறங்கு அக்கா. கொஞ்சம் காலை நனை."

"என் கூரைப்புடவைடா இது. உப்புத்தண்ணி பட்டா போச்சு. இருக்கறது இது ஒண்ணுதான்."

"ஒரு கை தண்ணி அள்ளித் தலையில தெளிச்சுக்கோ. இங்க வர்றவங்க எல்லாரும் செய்வாங்க."

"நாத்தம் புடிச்ச தண்ணி! செய்யறவங்க செய்யட்டும். காது குத்த வந்தவளைக் கடல்ல எறக்கறியே, உனக்கு அறிவிருக்கா?"

அய்யாவு மட்டும் கேட்காமல் ஓடிப்போய் அலையில் விழுந்து புரண்டான். இரண்டு கையாலும் தண்ணீரை அடித்துச் சிரித்தான். பிச்சை அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் போய்ப் பிள்ளையை இழுத்து முதுகில் ஒன்று வைத்தேன். "அய்யாவு, போதும், வாடா வெளிய!" என்று கத்தினேன். அந்தப் பெயரைக் கேட்டதும் பிச்சை திடுக்கிட்டுத் திரும்பினான். முகத்தைக் கழுவுகிறவன் மாதிரி தண்ணீரை அள்ளி அள்ளிக் கண்ணில் அடித்துக்கொண்டான்.

பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. கடைசிப் பெர்ரியை விட்டால் ரயில் இல்லை. ரயிலை விட்டால் பாஸ் செல்லாது. பாஸ் இல்லாமல் பிடிபட்டால் நடப்பதைச் சொல்ல வேண்டாம். டவுனுக்குத் திரும்பின பஸ்ஸில் நான் அவனோடு பேசவில்லை. இறங்கியதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, எதிரே வந்த ஒரு கிழவரிடம் பத்தர் கடை எது என்று கேட்டேன். முக்குத் திரும்பினால் இருக்கிறது என்றார். பிச்சை ஓடி வந்தான்.

"அக்கா, வேணாம், அவரு இருக்கமாட்டாரு. நான் அடுத்த மாசம் எப்படியாவது பாஸ் வாங்கி..."

"வாயை மூடு. மாமனா நீ? தோடு இல்லன்னா இல்லன்னு சொல்லேன், நான் வேப்பங்குச்சியை மாட்டிட்டுப் போறேன். உன்கிட்ட நான் தங்கத்தையா கேட்டேன்? மடியைத்தானே கேட்டேன்? இன்னைக்கு நீ உக்காந்தே ஆகணும்."

பத்தர் இருந்தார். காலையிலிருந்தே இருந்திருப்பார் போல. உமிச்சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார். நான் பிள்ளையை இறக்கிவிட்டு, "காது குத்தணுங்க, இவன்தான் மாமன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பின்னால் நின்ற பிச்சையைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, பதினாறு கழிச்சுத்தானே வரேன்னே? காரியம் முடியறதுக்குள்ள எப்படிப்பா மடியில வைப்ப?"

"என்ன பதினாறு?" என்றேன்.

அவர் எனக்குத் தெரியும் என்றே நினைத்துவிட்டார். பாவம், நல்ல மனிதர். பெட்டியைத் திறந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். "எல்லாம் தயாராத்தான் இருக்கும்மா. காதுல மாட்டற கம்பியைத்தான் சின்னப் பிள்ளைக்குத் தோதாக் குறைச்சிருக்கேன். கல்லுல கை வைக்கல. பெரியவரு பேரனுக்குன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாராம்."

பொட்டலத்தைப் பிரித்தேன். சிவப்புக்கல் கடுக்கன். ஒரு கல்லில் விரல் பட்டதும் அந்த உடைந்த ஓரம் தட்டுப்பட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. கத்தல்தான் வந்தது. பிச்சையின் சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து, அந்த மொட்டைத் தலையில் மாறி மாறி அடித்தேன். ஜப்பான்காரன் வழித்த தலையாம்! அப்பனுக்குக் கொள்ளி வைக்க வழித்த தலை! பொழுது விடிந்ததிலிருந்து என் கண்ணுக்கு முன்னால்தானே இருந்தது!

"எப்படா?"

"போன வெள்ளிக்கிழமை. கால் வீங்கி, வயிறு வீங்கி... அரிசி இல்ல அக்கா, மருந்தும் இல்ல. உனக்குச் சொல்லியனுப்ப ஆள் தேடினேன், யாரும் ஆறு தாண்டல. நீ வர்ற சேதி மட்டும் எனக்கு வந்திருந்துச்சு."

"ஜெட்டியில சொல்றதுக்கு என்னடா?"

"சொன்னா நீ அங்கயே விழுந்து அழுதுட்டு அடுத்த பெர்ரில திரும்பியிருப்ப." அவன் அடியைத் தடுக்கவே இல்லை. "அப்பா கடைசியா அதைத்தான் சொன்னாரு. 'ராக்காயிக்கு ஊரைச் சுத்திக் காட்டுறேன்னு சொல்லிக்கிட்டே இருந்துட்டேன், வந்தா நீ காட்டிருடா'ன்னு. காது குத்தத்தான் முடியாது, அதையாவது செய்வோம்னு..."

"சாம்பலை எங்கடா கரைச்சே?"

முழங்காலுக்குக் கீழே இன்னும் ஈரமாக இருந்த தன் துணியை அவன் குனிந்து பார்த்தான். நாற்றம் பிடித்த தண்ணீர் என்று நான் சொன்னது என் காதிலேயே திரும்பக் கேட்டது.

இப்போதும் எனக்கு அவன்மேல் ஆறவில்லை. அவன் நல்லதை நினைத்தான், சரி. ஆனால் அழுவதா, ஊர் பார்ப்பதா என்று முடிவு செய்ய இவன் யார்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூரைப்புடவை என்ன, உயிரே போனாலும் அந்த மணலில் இறங்கி விழுந்து புரண்டிருப்பேன். இப்போது திரும்பப் போகலாம் என்றால், பஸ் போய்வர நேரமில்லை. கடைசிப் பெர்ரி காத்திருக்கிறது. வீட்டுக்காரர் கெடாவில், பாஸ் இடுப்பில். பக்கத்திலேயே இருக்கும் கடற்கரைக்குப் போக வழியில்லாமல், அப்பனைத் தாண்டி வந்தவளாக அந்தத் தெருவில் நின்றேன்.

ஜெட்டிக்கு ஓடினோம். ஜனங்கள் வரிசையில் நின்றார்கள், சிப்பாய்க்குக் குனிந்து குனிந்து பாஸைக் காட்டிக்கொண்டு. பக்கவாட்டில் சம்பான் படகுகள் கட்டுகிற கல் படிக்கட்டு ஒன்று தண்ணீருக்குள் இறங்கியது. பாஸையும் கடுக்கனையும் பிச்சை கையில் கொடுத்து, பிள்ளையை அவன் பக்கத்தில் விட்டுவிட்டு நான் அதில் இறங்கினேன். "அக்கா!" என்று அவன் கத்தினான். எல்லாம் ஒரே கடல்தானே, அங்கே தொட்ட தண்ணீர் இங்கே வராமலா போகும்?

கூரைப்புடவையோடு இடுப்பு ஆழத்துக்குப் போனேன். நாடாவிலிருந்து அரிசி மூட்டையை உருவினேன். வாய்க்கரிசி போட மகள் வராமலேயே அவர் கட்டை எரிந்திருக்கும். காப்பரிசிக்கென்று வயிற்றைக் கட்டிச் சேர்த்த அரிசி அது. மூன்று தடவை அள்ளித் தண்ணீரில் போட்டேன். மிச்சத்தை வைத்துக்கொள்ள மனம் வரவில்லை, எல்லாவற்றையும் கொட்டினேன். பட்டினி கிடந்து செத்தவருக்கு இப்போது கடல் முழுக்க அரிசி. பிறகு மூன்று முழுக்குப் போட்டேன். தலை வெளியே வந்தபோதுதான் அழுகை வந்தது.

மேலேயிருந்து சிப்பாய் துப்பாக்கியை ஆட்டிக்கொண்டு ஏதோ கத்தினான். படியேறி வந்து அவனுக்கு முன்னால் நன்றாக வளைந்து கும்பிட்டேன். உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டுகிற பெண்ணை என்ன செய்வது என்று தெரியாமல், போ என்று தள்ளிவிட்டான்.

அய்யாவு பயந்துபோய்ப் பிச்சையின் காலடியில் நின்றான். காலையிலிருந்து எத்தனையோ தடவை தூக்கின அந்த இரண்டு கைகளையும் மறுபடியும் மாமனைப் பார்த்துத் தூக்கினான். பிச்சை வழக்கம்போலப் பின்னால் நகர்ந்தான்.

"தூக்குடா" என்றேன்.

"அக்கா, தீட்டு..."

"எனக்கும் தீட்டுதான் இப்ப. கேட்டதுமே வந்திருச்சு. நான் பெத்த புள்ளைக்கு ஒட்டாம இருக்கப்போகுதா? தூக்கு."

தூக்கினான். பிள்ளை அவன் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு அந்த மொட்டைத் தலையை உள்ளங்கையால் தடவிப் பார்த்துச் சிரித்தான். பிச்சை அவன் காதை, ஓட்டை இல்லாத அந்தக் காதை, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, தோளைக் குலுக்கிக் குலுக்கி அழுதான். நாள் முழுக்க மூடி வைத்திருந்த அழுகை. வரிசை நகர்ந்து, என் முறை வருகிற வரைக்கும் அவனிடமிருந்து பிள்ளையை நான் வாங்கவில்லை.

பாஸோடு கடுக்கனையும் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். காளியம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு மாமன் இருக்கிறான், அதை நானே பார்த்துவிட்டேன்.

பெர்ரி நகர்ந்தது. ஜெட்டியில் பிச்சை தனியாக நின்றான். திடீரென்று கப்பல்காரர்களுக்குக் காட்டுகிற மாதிரி கையை நீட்டினான். மணிக்கூண்டைக் காட்டவில்லை, கோட்டையைக் காட்டவில்லை. வடக்கே, கரை வளைந்து போகிற பக்கம் நீட்டி, அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். நான் பிள்ளையைத் தூக்கி அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தேன். தென்னை மரங்கள் கறுப்பாக ஒரு கோடு மாதிரித் தெரிந்தன. அந்த ஊரில் அவன் காட்டியதில் அதை மட்டும்தான் நான் ஒழுங்காகப் பார்த்தேன்.